அரைச் சுற்று

பனச்சிக்கோணம் சபையின் மூன்றாவது விளக்கு
இரவு எட்டே காலுக்கு மங்குகிறதென்று
கமிட்டியில் தீர்மானம் போட்டு
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் அரைமணி நேரம்.
மழை. ரப்பர் விளைகளில்
சிரட்டை நிறைந்து தண்ணீரும் பாலுமாய் வழிந்தது.

கோயில்குட்டியார் செல்லக்கண்
ஏணியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:
ஒயரில ஒரு கேடும் இல்ல, கேட்டியா.
இது ஞானசிகாமணி ஐயருக்க வேலை.

ஐயர் போய்ப் பதினோரு வருஷம்.
லெந்து நாளொன்றில், அங்கி மாற்றும் அறையில்
ஒரு காலில் மட்டும் செருப்போடு கிடந்தாராம்.
அன்றிலிருந்து பிரசங்க பீடத்தில் இருமல்.
பெரிய வேதாகமம் தானாகப் புரள்கிறது,
அதுவும் பின்னோக்கி,
சங்கீதத்திலிருந்து யோபுவுக்கு.
பாடகர் குழுப் பிள்ளைகள்
எட்டு மணிக்குள் ஆர்மோனியத்தை மூடிவிடுகிறார்கள்.
அசனத்துக்கு முந்தின ராத்திரி உள்ளே படுத்த பந்தல்காரன்
விடியும்போது முற்றத்தில் கிடந்தானாம், பாயோடு.

நான் பேய்க்கு எதிராகப் பேசுவதில்லை.
என் தொழிலில் பாதி வீடுகளில்
அதுதான் சாயா வாங்கித் தருகிறது.

மச்சில் துணி சுற்றிய பழைய ஒயர்.
ஜங்ஷன் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து கரி பிடித்திருந்தது.
எட்டே காலுக்கு ரோட்டுக்கு அந்தப்புறம்
ஷீட் ஆலையில் மோட்டார் போடுவார்கள்,
வோல்டேஜ் இறங்கும்.
உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முறுக்கினேன்.
அவ்வளவுதான் ஐயர்.
ஆயிரத்து இருநூறு ரூபாய், ரசீதோடு.

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு வந்தாள் தங்கநேசம்.
இரண்டு பஸ் மாறி,
ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு.

'லைற்று இப்ப மங்கல்ல.'
'சரியாக்கிட்டேனே அம்மா.'
'அதுதான். அவரு வரல்ல.'

மகன் ஜாஸ்பர் ரப்பர் வெட்டுகிறவன்.
இருபத்தாறு வயதில், புகைப்புரையில், கயிற்றில்.
தானாய்ப் போனவனுக்கு மணி அடிக்கக் கூடாதென்றார் ஐயர்.
அங்கி போடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை.
சொந்த விளையில் அயனிமரத்து மூட்டில்
வேர் வேராய் வெட்டி
குழி முடியவே இருட்டிவிட்டது.

'ஒரு மாசம் கழிச்சு, நெஞ்சு ஆறினபிறகு
போய்க் கேக்கணும்ணு இருந்தேன்.
அதுக்குள்ள மனுஷன் செத்தாச்சு.'

அதனால்தான் வியாழன்தோறும்
மூன்றாவது விளக்கின் கீழ் பெஞ்சு.
மங்கினால் வந்துவிட்டார் என்று கணக்கு.
கேட்பாளாம். அவர் பதில் சொல்லமாட்டாராம்.
இருமுவாராம்.
'பதிலு எனக்கு வேண்டாம், பிள்ளே.
நான் இன்னும் பறஞ்சு தீரல்ல.'

தொழிலில் இதுவரை
சரியாக இருந்ததைக் கெடுத்ததில்லை.
அந்த வியாழன் ஏழரைக்கே போனேன்.
செல்லக்கண் எதற்கென்று கேட்காமல் ஏணி பிடித்தார்.
அவர் கை லேசாக நடுங்கியது.
ஐயர் சொல் கேட்டு அன்று மணிக்கயிற்றை
எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டிய கை அது என்று
தங்கநேசம் என்னிடம் சொல்லியிருந்தாள்.
ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினேன்.

எட்டே கால். விளக்கு அப்படியே நின்று எரிந்தது.
எட்டே இருபது.
நான் மறுபடி ஏணியைத் தொட,
பெஞ்சிலிருந்து சொன்னாள்:
'நீ போ மக்களே.
அவரு எப்பவும் தாமசிச்சுத்தான் வருவாரு.
ஜாஸ்பருக்க ஞானஸ்நானத்துக்கே
ஒண்ணர மணிக்கூர் நிக்க வச்ச ஆளாக்கும்.'

இறக்கத்தில் ஷீட் ஆலை பூட்டிக் கிடந்தது.
ரப்பர் விலை விழுந்து ஒரு வாரமாய் வேலையில்லை
என்றான் காவல்காரன், பீடியைக் கை மறைவில் வைத்துக்கொண்டு.
வண்டியை நிறுத்தினேன்.
மேட்டில் கோயிலின் ஒரே ஜன்னல் வெளிச்சம்.
மங்குகிறதா என்று பார்க்கப் பார்க்க
கண்ணெல்லாம் மழை.